இரவைப் படம்பிடிக்கக் கற்றல்

தமிழிலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுக்கும். அவற்றுள் மாலை, யாமம், வைகறை ஆகிய மூன்றும் கதிரவன் கண்ணுக்குத் தோன்றாப் பொழுதுகள். முல்லைக்கு மாலையையும், குறிஞ்சிக்கு யாமத்தையும், மருதத்திற்கு வைகறையையும் உரிய பொழுதுகளாக வகுத்த முன்னோர், இரவு என்பது ஒரே கருமையன்று என்பதை நன்கு அறிந்திருந்தனர். வகுப்பறையில் இதனைப் பல்லாண்டுகளாக நாம் சொல்லி வந்திருக்கிறோம். எனினும் அதன் உண்மையைக் கண்ணாரக் கண்டது, ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை அரிசிப் பையின்மீது இருத்திக்கொண்டு நள்ளிரவில் தெருவில் காத்துக் கிடந்தபோதுதான். தமிழாசிரியர்க்கு இஃது எதற்கு என்று வினவிய நண்பர்களுக்கு விடையாகவும், இக்கலையில் முதலடி எடுத்துவைக்க விழையும் மாணவர்க்குத் துணையாகவும் இக்கட்டுரை அமைகிறது.

நம் ஊர் கடலோரச் சிற்றூர். ரமளான் மாதத்து இரவுகளில் 3 மணியளவில், தப்ஸ் கொட்டிப் பாடியவாறு வீடு வீடாக மக்களை ஸஹர் உணவுக்கு எழுப்பிச் செல்லும் பக்கீர்சா ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர். முன்னாளில் அவர் கையில் அரிக்கேன் விளக்கு இருக்கும். பின்னாளில் இடக்கை மடிப்பில் மாட்டிய பாட்டரி விளக்காக அது மாறிற்று. அவருக்குப் பின் இப்பணிக்கு வர அவர் மக்களுள் ஒருவரும் இல்லை. இக்காட்சி நம் தலைமுறையோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் 2022ஆம் ஆண்டு ரமளானில் நமக்கு வலுவாக எழுந்தது. ஒரே ஒரு படமேனும் எடுத்து வைத்துவிடலாம் என்று கருதினோம். அஃது எளிய வேலையென்று நினைத்ததுதான் நம் அறியாமை.

நம்மிடம் இருந்த கேமரா, 2008ஆம் ஆண்டில் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனர் அன்பளிப்பாகத் தந்தது. 8 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பாட்டரிகளில் இயங்குவது, சட்டைப் பையில் அடங்குவது. பெருநாள் படங்கள் சில எடுத்தபின் அலமாரியில் உறங்கிக் கிடந்தது. அதனை எடுத்துத் தூசி தட்டி, முதல் நாள் இரவு வாசலில் நின்று, பக்கீர்சா தெருமுனையில் திரும்பியதும் பொத்தானை அழுத்தினோம். பிளாஷ் பளிச்சிட்டது. படத்தில் அருகிலிருந்த மின்கம்பம் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. அதற்கப்பால் தெருவும் இல்லை, மனிதரும் இல்லை. தெருநாய்கள் மட்டும் விழித்துக்கொண்டு குரைத்தன.

இத்தோல்விக்குக் காரணம் எளிது. சிறு கேமராவின் பிளாஷ் ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவுக்கே பயன்தரும். ஒளி விரிந்து செல்லச் செல்ல, தொலைவு இருமடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். முப்பது மீட்டர் அப்பால் வருபவரைப் பிளாஷால் பிடிக்க முயல்வது, கடற்கரையில் நின்று நடுக்கடலை அகல்விளக்கால் தேடுவது போன்றது. ஆதலின் இரவுப் படம் கற்போர் செய்யவேண்டிய முதற் செயல் பிளாஷை அணைத்துவிடுவதே ஆகும். இரவுக்கென்று உள்ள ஒளியைக் கொண்டே இரவைப் படம்பிடித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் குறைந்த ஒளியில் படம் எவ்வாறு விழும்? இங்குத்தான் நம் கண்ணும் கேமராவும் வேறுபடுகின்றன. இருளில் சென்றால் நம் கண் மெல்ல மெல்லப் பழகும். முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அப்போதும் மங்கிய ஒளியில் பணிபுரியும் விழித்திரை அணுக்களுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. நிலவொளியில் செம்பருத்தியும் கருமையாகத் தோன்றுவது இதனாலேயே. அன்றியும் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. அவ்வப்போது வந்ததை அவ்வப்போதே கண்டு விட்டுவிடும். கேமராவோ ஒளியைச் சேமிக்கும். ஒரு நொடி திறந்திருந்தால் ஒரு நொடியின் ஒளி, எட்டு நொடி திறந்திருந்தால் எட்டு நொடியின் ஒளி அதன் உணரியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். சிறுகக் கட்டிப் பெருக வாழ்வது என்று நம் பெண்டிர் சொல்வது ஒளிக்கும் பொருந்தும். எனவேதான் கண்ணுக்கு நிறமற்றுக் கிடந்த சுவர், படத்தில் பச்சையாகவோ நீலமாகவோ தோன்றி நம்மை வியக்க வைக்கிறது.

கேமராவில் ஒளியை ஆளும் இடங்கள் மூன்று. முதலாவது லென்சின் துளை. அதனை எப்-எண் என்பர்; 2.8, 4, 5.6, 8 என்று எண் ஏறும்தோறும் துளை சுருங்கி, ஒளி ஒவ்வொரு படியிலும் பாதியாகும். எண் கூடினால் ஒளி குறையும் என்னும் இம்முரண் தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும். நம்மையும் ஒரு வாரம் குழப்பியது. இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். இது தெருக்குழாயில் குடம் நிரப்புவது போன்றது: குழாய் அகன்றதாயின் விரைவில் நிரம்பும், குறுகியதாயின் நெடுநேரம் பிடிக்கும்; குடத்தில் சேரும் நீர் ஒன்றே. மூன்றாவது ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன். இது குடத்தையும் பெரிதாக்காது, நீரையும் கூட்டாது. விழா மேடையில் ஒலிபெருக்கியின் திருகைக் கூட்டுவது போன்றதே இது. மெல்லப் பேசுபவர் குரல் ஓங்கிக் கேட்கும். உடன் 'உஸ்' என்ற இரைச்சலும் ஓங்கும். படத்தில் இவ்விரைச்சல் மணல் தூவியதுபோல் நிறப் புள்ளிகளாகத் தோன்றும்.

சிறு கேமராவில் இப்புள்ளிகள் மிகுதி. காரணம் அதன் உணரியின் அளவு. பழைய பிலிம் சுருளில் ஒரு படத்தின் பரப்பு 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். நம் கேமராவின் உணரி ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு பரப்பில் விழும் ஒளி குறைவாகத்தானே இருக்கும்? ஆகவே விலையுயர்ந்த கேமராக்காரர் 1600 என்று உணர்திறனை ஏற்றி வைத்துக் கையில் பிடித்தே எடுக்கும் படத்தை, நாம் 80 அல்லது 100 என்ற தாழ்ந்த எண்ணில் நிறுத்தி, நொடிகளால் ஈடுகட்ட வேண்டியதாகிறது. அவர் பொருளால் செய்வதை நாம் பொறுமையால் செய்கிறோம். அசையாத பொருளாயின் இருவர் படத்திற்கும் பெரிய வேறுபாடு தோன்றாது என்பதைப் பல முறை ஒப்பிட்டுப் பார்த்தே சொல்கிறோம்.

ஒளி இவ்வாறு நேர்கோட்டில் சென்று, ஒரு துளையின் வழியே புகுந்து, ஒன்றோடொன்று கலவாமல் தத்தம் இடத்தில் விழுகிறது என்பதை ஆய்ந்து நிறுவியவர் இப்னுல் ஹைஸம் ஆவார். 965ஆம் ஆண்டில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் பணிபுரிந்த அப்பேரறிஞர், கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் நூலில் ஒரு சோதனையை விளக்குகிறார். இருண்ட இடத்திற்குச் செல்லும் ஒரே துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், உள்ளே விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனி ஒளித்திட்டுகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறையும். தெருவிளக்குகள் வரிசையாக எரியும் ஓர் இரவுப் படத்தைக் காணும்போதெல்லாம் இச்சோதனை நம் நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த அச்சோதனையும் விளக்கையும் இருளையும் கொண்டு செய்யப்பட்டதே என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனிச் செய்முறைக்கு வருவோம். நொடிக்கணக்கில் ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா மயிரிழையும் அசையலாகாது. முக்காலித் தாங்கி வாங்க நாம் விரையவில்லை. பழைய துணிப்பை ஒன்றில் அரைப்படி அரிசியை இட்டுக் கட்டி, அதனைத் திண்ணையிலோ மதிற்சுவரிலோ வைத்து, கேமராவை அதில் அழுந்த இருத்தினால் போதும். தாங்கியைவிட உறுதியாகவே நிற்கும். பொத்தானை அழுத்தும் விரலே படத்தைக் கலக்கும் என்பதால், 2 நொடி கழித்துத் தானே எடுக்கும் ஏற்பாட்டை இயக்கிவிட வேண்டும். கை நடுக்கத்தைத் திருத்தும் அமைப்பு இருப்பின் அதனை அணைத்தல் நலம். இல்லாத நடுக்கத்தைத் தேடி அது தானே நடுங்குவதும் உண்டு. கேமராவின் வட்டத் திருகில் 'எம்' என்னும் எழுத்து இருந்தால் துளையும் நேரமும் நம் கையில் வந்துவிடும். அஃது இல்லாத மலிவு வகைகளிலும் 'நீண்ட ஷட்டர்' என்றோ 'இரவுக் காட்சி' என்றோ ஓர் ஏற்பாடு பட்டியலில் ஒளிந்திருக்கும். தேடிப் பிடிக்க வேண்டும். தூரத்துப் பொருளை அண்மையில் காட்டும் ஜூமைத் தொடாதிருப்பதும் நல்லது. நம் கேமராவில் முழு ஜூமில் துளை 2.6இலிருந்து 5.5ஆகச் சுருங்கி, ஒளி நான்கில் ஒன்றுக்கும் குறைந்துவிடும். நாலடி முன்னால் நடந்து செல்வதே சிறந்த ஜூம்.

இரவில் கேமராவுக்குக் குவியம் பிடிபடாது என்பது அடுத்த இடர். வெறும் இருளை நோக்கி எவ்வளவு நேரம் காட்டினும் அது தடுமாறும். விளக்குக் கம்பத்தின் விளிம்பையோ, ஒளி படிந்த சாளரச் சட்டத்தையோ நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு வேண்டிய பக்கம் திருப்பி முழுதும் அழுத்தலாம்.

இவ்வளவும் அறிந்தபின் எடுத்த முதல் நீண்ட படத்தில் நமக்கொரு கலக்கம் நேர்ந்தது. எட்டு நொடி கழிந்து ஷட்டர் மூடிய ஓசை கேட்டது. திரையோ கறுத்தே கிடந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. பதினான்கு ஆண்டுப் பழைய கருவி உயிர் நீத்தது என்றே முடிவு செய்து 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டோம். மேலும் எட்டு நொடி கழித்துப் படம் தோன்றியது! பின்னர்க் கற்றபோதுதான் உண்மை விளங்கிற்று. நெடுநேரம் இயங்கும் உணரி ஒளியே இல்லாதபோதும் சில பொய்ப் புள்ளிகளை உண்டாக்கும். அவற்றை அறிவதற்காகக் கேமரா, ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரத்திற்கு இருளை ஒரு முறை படமெடுத்து, முதற் படத்திலிருந்து அதனைக் கழித்துக்கொள்கிறது. அந்தக் காத்திருப்பில் மின்கலத்தைப் பிடுங்கிவிடாதீர்கள் என்பதே அனுபவத்தால் நாம் கூறும் அறிவுரை.

திரையை நம்புவதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. இருளில் பழகிய கண்ணுக்குச் சிறு திரையும் பேரொளியாகத் தோன்றும். இரவில் 'நன்றாக வந்துவிட்டது' என்று மகிழ்ந்து உறங்கி, பகலில் கணிப்பொறியில் பார்த்தால் படம் கரிக்கட்டையாக இருக்கும். திரையில் ஒளிப்பரவலைக் காட்டும் மலைபோன்ற வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதே முறை. மலை முழுதும் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். இதற்கு மாறான பிழையும் நேரும். கேமராவைத் தானியங்கு முறையில் விட்டால், அது எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொணர முயன்று இரவைப் பகலாக்கும். முழுநிலவைப் படமெடுத்துப் பாருங்கள். கரிய வானத்தைக் கண்டு மயங்கிய கேமரா நெடுநேரம் திறந்து, நிலவை ஒரு வெள்ளை வில்லையாக்கித் தரும். நிலவு என்பது நடுப்பகல் வெயிலில் கிடக்கும் ஒரு பாறை என்பதை நினைவில் கொண்டால் தீர்வு எளிது. உணர்திறன் 100, துளை 5.6 எனில், நொடியில் 250இல் ஒரு பங்கு நேரமே போதும். நிலவின் கறைகளெல்லாம் தெளிவாக விழும். ஆயின் நான்கு மடங்கு ஜூம் உள்ள சிறு கேமராவில் நிலவு படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 28இல் ஒரு பங்காகவே இருக்கும். தலைப்பிறையை எடுக்க முயன்று நாம் பெற்றது, சுவரில் நகம் கிள்ளிய தடம் போன்ற ஒன்று.

தொடக்க நிலையினர்க்குக் கைகொடுக்கும் பொழுது மாலையே. கதிரவன் மறைந்து 15 நிமிடங்கள் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாகும். அப்போது வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் ஏறத்தாழச் சமமாகி, இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். முழு இருள் வந்துவிட்டாலோ விளக்கு எரிந்துபோன வெண்மையாகவும் மற்றவை கருமையாகவும் விழும். மேலை நாடுகளில் இந்நீலப் பொழுது நெடுநேரம் நீடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நம் நாட்டிலோ கதிரவன் செங்குத்தாக இறங்குவதால், அந்தி 20 நிமிடங்களுக்குச் சற்று மேல் நில்லாது. பள்ளிவாசல் மினாராவை இந்நீல வானத்தில் எடுக்க விரும்பிய நமக்கு நேர்ந்த இடரைப் பெரியோர்கள் எளிதில் உணர்வர். அதுவே மஃரிப் தொழுகையின் நேரம். தொழுது முடித்து வெளியே ஓடி வந்தால் நீலத்தில் ஐந்து நிமிடம் எஞ்சியிருக்கும். யாரேனும் கைகொடுத்து நலம் விசாரித்தால் அதுவும் போயிற்று. இரண்டு வாரம் இவ்வாறு கழிந்தபின் நமக்கு ஒன்று தோன்றிற்று. மாலையில் வந்த அதே நீலம் வைகறையில் தலைகீழாகத் திரும்ப வருமன்றோ? சுப்ஹுத் தொழுகை முடிந்து நிதானமாக வெளிவந்து, சுவரில் அரிசிப் பையை வைத்து, ஆளரவமற்ற தெருவில் மினாராவை எடுத்தோம். உணர்திறன் 100, துளை 4, நேரம் 2 நொடி. இம்மலரின் ஆசிரியர் குழுவினர் பாராட்டிய படம் அதுவே.

தெருவிளக்கின் நிறமும் கற்போர் அறியவேண்டியது. சோடியம் ஆவி விளக்கின் கீழ் எடுத்த படம் முழுதும் மஞ்சளில் தோய்த்ததுபோல் இருக்கும். கேமராவின் வெண்மைச் சமன் என்னும் ஏற்பாட்டில் மின்குமிழ்ப் படம் போட்டதைத் தேர்ந்தால் மஞ்சள் சற்றுத் தணியும். நம் தெருவில் அவ்விளக்குகள் போய் எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன. படத்திற்கு இவை நல்லவை. ஆயினும் அந்த மஞ்சள் தெரு நம் இளமையின் தெரு. அதனை முழுதாகத் திருத்திவிட நமக்கு மனம் வரவில்லை.

மாணவர் ஒருவர், "ஐயா, இத்தனையும் எதற்கு? என் செல்பேசி கையில் பிடித்தபடியே இரவைப் பகல்போல் எடுக்கிறதே" என்று கேட்டார். உண்மையே. 2018இல் கூகுளின் பிக்சல் செல்பேசியிலும் 2019இல் ஆப்பிளின் ஐபோனிலும் இரவுப் படத்திற்கென்றே தனி முறைகள் வந்தன. பின்னர் மலிவான செல்பேசிகளுக்கும் அவை பரவின. அவை செய்வதும் ஒளியைச் சேமிக்கும் அதே வேலைதான். ஒரே நீண்ட திறப்புக்கு மாறாகப் பல குறும்படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை அசைவைக் கணக்கிட்டுப் பொருத்தி, ஒன்றாகக் கூட்டிவிடுகின்றன. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்று கருவியே முடிவு செய்துவிடுவதால் கற்பவர்க்கு அங்கே வேலையில்லை. மேலும் 'பகல்போல்' என்று அம்மாணவர் மகிழ்ந்து சொன்னதே நமக்குக் குறையாகப் பட்டது. யாமம் யாமமாக இருக்கவேண்டாமா? தவறினால் செலவில்லை என்பது டிஜிட்டல் கேமராவின் பெருங்கொடை. நாம் கல்லூரியில் பயின்ற நாளில் 36 படம் கொண்ட பிலிம் சுருளைக் கழுவி அச்சிட்டு வாங்கும்வரை தவற்றை அறிய வழியில்லை. இன்று ஒரே காட்சியை 1, 2, 4, 8 நொடிகளில் எடுத்து, உடனே ஒப்பிட்டுக் கற்கலாம். பத்து இரவுகள் இவ்வாறு பயின்றால் தெருவைப் பார்த்ததும் நேரத்தைச் சொல்லிவிடலாம்.

இரவில் மனிதரைப் படமெடுப்பதற்குமுன் இசைவு பெறல் கடமை. தூக்கக் கலக்கத்தில் கதவு திறக்கும் வீட்டாரை நோக்கி ஒருபோதும் கேமராவைத் திருப்பலாகாது. நாம் தெருவார்க்கு முன்கூட்டியே சொல்லியிருந்தும், புதிதாகக் குடிவந்த ஒருவர் நம்மைத் திருடரென்று ஐயுற்றுக் கைவிளக்கை முகத்தில் அடித்ததை ஈண்டுச் சொல்லி வைக்கிறோம். தவறு நம்முடையதே, அவர் வீட்டை விட்டுவிட்டோம்.

மீண்டும் பக்கீர்சாவிடம் வருவோம். 2022ஆம் ஆண்டிலேயே பிளாஷை அணைத்து, திண்ணையில் கேமராவை இருத்தி, உணர்திறன் 100, துளை 2.6, நேரம் 8 நொடி என்று வைத்து அவர் வரும்போது எடுத்தோம். தெரு மிக அழகாக விழுந்திருந்தது. ஓட்டுச் சாய்ப்பு, திண்ணைத் தூண், கதவின் செதுக்கு வேலை, எல்லாம் இருந்தன. அவர் மட்டும் இல்லை. தப்ஸ் ஓசையுடன் நம் கண்முன் நடந்து சென்றவர் படத்தில் இல்லை!

இதுவும் கணக்கின்படியே நிகழ்வது. நிதானமாக நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் செல்வார். அரை மீட்டர் அகலமுள்ள உடல் ஓரிடத்தைக் கடக்க அரை நொடி ஆகும். எட்டு நொடியில் அரை நொடி என்பது 16இல் ஒரு பங்கு. அவ்விடத்தில் மற்றப் பதினைந்து பங்கு நேரமும் அவருக்குப் பின்னுள்ள சுவரின் ஒளியே சேர்வதால் சுவரே மிஞ்சுகிறது. பாரிசு நகரில் 1838ஆம் ஆண்டு தாகேர் எடுத்த புகழ்பெற்ற தெருப் படம் இவ்வுண்மைக்கு மூத்த சான்று. மாந்தரும் வண்டிகளும் நிறைந்த பெருந்தெரு, சில நிமிடங்கள் நீடித்த திறப்பினால் வெறுந்தெருவாகப் பதிந்தது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒரு மனிதர் மட்டும் விழுந்தார். நின்றவர் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார்.

உணர்திறனை 1600க்கு உயர்த்தி அரை நொடியில் எடுத்துப் பார்த்தோம். மணல் புயலில் ஒரு நிழல் தெரிந்தது, அவ்வளவே. அந்த ரமளான் முடிந்தது. மேற்சொன்ன பயிற்சியெல்லாம் அதற்குப் பின் வந்த ஓராண்டில் நாம் செய்தவையே.

2023ஆம் ஆண்டு ரமளானில் அவரிடம் இசைவு கேட்டோம். "என்னைப் போய் என்ன தம்பி படம் எடுக்கப் போறீங்க" என்று சிரித்தார். ஓர் இரவு நம் இல்லத்துத் திண்ணையில் தேநீர் அருந்தியபின், வாசல் விளக்கின் கீழ் தூணில் சாய்ந்து மூச்சடக்கி நின்றார். உணர்திறன் 200, அரை நொடி. முகத்துச் சுருக்கமும் தாடி மயிரும் தெளிவாக விழுந்தன. குறையேதும் இல்லாத படம். அடுத்த இரவு அவரை நிறுத்தவில்லை. துளையை 4க்குச் சுருக்கி, கேமரா அனுமதிக்கும் முழு அளவான 15 நொடி வைத்து, அவர் போக்கில் அவரை நடக்கவிட்டோம். இம்முறை ஒன்று நிகழ்ந்தது. அவர் கைவிளக்கு தெருவின் நெடுகிலும் ஒரு பொன்னிழையை வரைந்திருந்தது. அவர் நின்று குரல் கொடுத்த மூன்று வாசல்களில் அவ்விழை முடிச்சுப்போல் தடித்து ஒளிர்ந்தது. அம்முடிச்சுகளின் அருகே, பின்னுள்ள கதவு ஊடுருவித் தெரியும்படியாக மூன்று மெல்லிய உருவங்கள். மூன்றும் அவரே.

அவ்வாண்டுக்குப் பின் முழங்கால் நோவினால் அவர் வெளிவரவில்லை. 2024ஆம் ஆண்டு ரமளானில் நம் தெரு செல்பேசி மணியோசையில் எழுந்தது. அம்மாதத்தில் ஒரு பிற்பகல், இரண்டு படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றோம். தூணில் சாய்ந்து நின்ற படத்தைக் கையில் வாங்கி, "எங்க காக்கா மாதிரி இருக்கேன்" என்று சொல்லிப் பேரனிடம் தந்துவிட்டார். மற்றதைச் சாளரத்தின் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அதில் தாம் இருப்பது அவருக்கு விளங்கவில்லையோ என்று எண்ணி, திறப்பு நேரத்தைப் பற்றி விளக்க வாயெடுத்தோம். அதற்குள் அவர் விரல் அந்தப் பொன்னிழையின்மேல் மெல்ல நகரத் தொடங்கியது.

"இது உங்க வீடு. இது மரைக்காயர் வீடு. இங்கன கொஞ்சம் கூட நின்னிருக்கேன் பாருங்க, வெளிச்சம் பெருசா இருக்கு. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குக் காது மந்தம் தம்பி. ரெண்டு தடவை சொல்லணும்."